ஆல்டர்பி லொறியின் கதவும் தம்பிமுத்து முதலாளியின் வயிறும்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் குறுக்கே கேட்கக் கூடாது.

சுன்னாகத்தில் லொறிகளுக்கு மரத்தால் கூடு, அதாவது மேல்கட்டு, கட்டினேன். வெங்காயம் ஏற்றிய லொறி, புகையிலை ஏற்றிய லொறி, கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிய லொறி எல்லாம் என் கையால் போனவை. கையில் இருந்தது ஒரு வாள், இரண்டு உளி, மாமனாரிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத ஒரு சீவுளி. இந்தப் பனி நாட்டுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் லிஃப்ற்றுக்குள் போகாத அலுமாரியை லிஃப்ற்றுக்குள் போக வைத்தேன். மில்லிக்கனில் பாதி வீடுகளின் பேஸ்மென்ற்றுக்குப் பலகை அடித்தவன் நான். மற்றப் பாதிக்கு அடித்தவர்கள் என்னிடம் பழகியவர்கள். பிளாசா வாசல் வளைவில் கோயில் தேர் முட்டிக்கொண்டு நின்றபோது, அதற்கு மடிகிற கலசம் செய்து கொடுத்தவனும் நான்தான்.

பள்ளிக்கூடம்? ஐந்தாம் வகுப்பு வாசல்வரை போனேன். வாசல் நிலை சரிந்திருந்தது. வாத்தியார் சொன்னதை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவற்றையெல்லாம் இதே பத்திரிகையில் முந்திய வாரங்களில் எழுதிவிட்டேன். எழுதாமல் வைத்திருந்தது ஒன்று. இங்கிலாந்தில் இருந்த ஒரு பெரிய லொறிக் கொம்பனியின் புகழ்பெற்ற கதவு என்னுடையது.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும். யூனியன்வில் நூலக மண்டபத்திலும் சிரித்தார்கள்.

காற்று இல்லை, வயிறு

போன இலையுதிர் காலம். மகள் வதனி நூலகத்திலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தாள். "அப்பா, உங்கட காலத்து லொறி ஒண்டைப் பற்றிப் பேசப் போகினமாம்" என்று மேசையில் போட்டாள். படத்தைப் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

ஆல்டர்பி லொறி. மூக்கு நீண்டு, கண் இரண்டும் பிதுங்கிய அதே முகம். இடது கதவின் மேல்விளிம்பு நேராக இல்லை. பிறை நிலாவைக் கவிழ்க்காமல் வைத்தது மாதிரி, கீழே குழிந்து வெட்டியிருந்தது. பெற்ற பிள்ளையைப் பஸ்ஸில் கண்டால் தகப்பனுக்குத் தெரியாமல் போகுமா?

மண்டபத்தில் பேசியவர் டெரிக் என்ற இங்கிலாந்துக்காரர். அவருடைய தகப்பனார் ஆல்டர்பி தொழிற்சாலையில் வேலை செய்தவர். டெரிக் ஓய்வு பெற்ற பிறகு, அங்கே துருப்பிடித்துக் கிடந்த ஒரு ஆல்டர்பியை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து, யூனியன்வில்லில் தன் கராஜில் வைத்துத் திருத்தியிருக்கிறார். வருகிற கோடையில் மார்க்கத்தில் நடக்கும் பழைய வாகனக் கண்காட்சிக்கு அது போகிறது. பக்கத்தில் கொம்பனியின் வரலாறு எழுதிய பலகை ஒன்றும் நிற்கும்.

படம் படமாகக் காட்டிக்கொண்டு வந்தார். கதவு வந்தது. இதுதான் ஆல்டர்பியின் வெப்பநாட்டுக் கதவு என்றார். கொம்பனியின் தலைமைப் பொறியியலாளர் காற்றோட்டத்தைக் கணக்கிட்டு வரைந்தது என்றார்.

நான் எழுந்தேன். வதனி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். சேர்ட் போனது, நான் போகவில்லை.

"நோ விண்ட்" என்றேன். "ஸ்ரொமக்."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. முன்வரிசைப் பெண் ஒருவர் எனக்கு வயிற்றுவலி என்று நினைத்துத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நல்ல மனுசி. வாங்கிக்கொண்டேன்.

"பிள்ளை, சொல்லு அவருக்கு. உந்தக் கதவு காத்துக்கு வெட்டினதில்லை. ஒரு முதலாளியின்ர வயித்துக்கு வெட்டினது. வெட்டின ஆள் நான்."

"அப்பா, முதல்ல இருங்கோ."

"சொல்லிப்போட்டு நீ இரு."

நான் சொன்னதில் பாதியைக்கூட அவள் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. சொன்ன பாதியிலும் பெரும்பங்கு மன்னிப்புக் கேட்கிற 'சொறி'தான்.

மண்டபம் சிரித்தது. டெரிக் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு எங்களிடம் வந்தார். வசந்தத்தில் பலகை அச்சுக்குப் போகிறது, அதற்கு முன் ஆதாரம் காட்டினால் மாற்றி எழுதுகிறேன் என்றார். அச்சானால் அச்சானதுதான். அதற்குப் பிறகு நான் செத்தாலும் அந்தக் கதவு இன்னொருவரின் பெயரில்தான் நிற்கும்.

இரண்டு சகோதரர்களும் ஒரு பாலமும்

ஆதாரத்துக்குப் போக முன் கொம்பனியைப் பற்றிச் சொல்லவேண்டும். இது டெரிக் சொன்னது. பிழை இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

இங்கிலாந்தின் வடக்கே, மழையும் புகையுமான ஒரு சின்னப் பட்டணம். அங்கே ஆல்டர்பி சகோதரர்கள் இரண்டு பேர் குதிரை வண்டிக்குச் சில்லுப் பூட்டிப் பிழைத்தார்கள். இருவருக்கும் படிப்பு மட்டம். இதைக் கேட்டதும் நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். அவர்கள் இரண்டு பேராகச் செய்ததை நான் தனி ஆளாகச் செய்தேன் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.

மூத்தவர் நீராவியில் ஓடும் லொறி ஒன்று செய்தார். முன்னால் அடுப்பு, மேலே புகைபோக்கி. ஓட்ட ஒருவர், கரி போட ஒருவர். முதல் ஓட்டத்திலேயே அது ஒரு பாலத்துக்குக் கீழே நுழைந்து, புகைபோக்கியைப் பாலத்திடம் கொடுத்துவிட்டு மறுபக்கம் வந்ததாம். அடுத்த லொறிக்கு மடிகிற புகைபோக்கி வைத்தார்கள். என் மடிகிற கலசத்தை நினைத்துப் பாருங்கள். பாலம் தாழ்ந்திருந்தால் மூளையுள்ளவன் மடிப்பான், எந்த நாட்டிலும்.

பிறகு பெற்றோல் லொறி. பிறகு யுத்தம் வந்து பட்டாளத்துக்கு லொறி. யுத்தம் முடிந்ததும் பட்டாளம் அதே லொறிகளை மலிவாக விற்றது. புது லொறி வாங்க ஆள் இல்லை. தாங்கள் பெற்ற லொறியே தங்களுக்கு எதிரே கடை போட்டதைக் கண்டு இளையவர் பாயில் விழுந்துவிட்டாராம். அப்போதுதான் மூத்தவரின் மகன், கடல் கடந்து அனுப்புவோம் என்றார். பர்மாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இலங்கைக்கும் ஆல்டர்பி புறப்பட்டது அப்படித்தான். என் காலம் வரும்வரை அது வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு பெரிய கொம்பனி அவர்களை விழுங்கி, லொறியின் முகத்திலிருந்த பெயரைக் கழற்றிவிட்டு, பிறகு தொழிற்சாலையையும் மூடியது. இப்போது அந்த இடத்தில் ஒரு சுப்பர்மாக்கெற். தகப்பனார் நின்று வேலை செய்த இடத்தில் உறைந்த பட்டாணி விற்கிறார்கள் என்று சொன்னபோது டெரிக்கின் குரல் இறங்கியது. அந்தப் பெண் தந்த தண்ணீர்ப் போத்தல் என் கையில் இருந்தது. அவரிடம் நீட்டினேன்.

'கூடு: உள்ளூர்'

இனி நம்மவர்களே மறந்துவிட்ட ஒரு சங்கதி. கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கியது முழு லொறி அல்ல. என்ஜின், சில்லு, ஸ்ரியறிங், மூக்கு. அவ்வளவுதான். இருக்க இருக்கை இல்லை, தலைக்குக் கூரை இல்லை, கதவு என்ற பேச்சே இல்லை. சாரதி ஒரு தேயிலைப் பெட்டியைக் கயிற்றால் கட்டி, அதில் குந்தியிருந்து சுன்னாகம் வரை ஓட்டிவருவார். வந்து சேரும்போது இமையில் தூசி, பல்லில் பூச்சி. வழியில் மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுவார்.

மிச்ச லொறியைக் கட்டியது நாங்கள். கொம்பனியின் புத்தகத்தில் அந்த மிச்சத்துக்கு 'கூடு: உள்ளூர்' என்று மட்டும் போட்டிருக்கும். அந்த உள்ளூர் நான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வெங்காய முதலாளிமார் சரக்கோடு தாங்களும் கொழும்புக்குப் போவார்கள். வெங்காயத்தை நம்புவார்கள், சாரதியை நம்பமாட்டார்கள். வலது பக்கம் சாரதி, நடுவில் கிளீனர், இடது கதவோரம் முதலாளி. ஆகவே மூன்று பேரையும் வெறும் சட்டத்தின் மேல் ஒரு நீளப் பலகை வாங்கில் இருத்தி, கயிற்றால் அளவெடுத்து, அவர்களைச் சுற்றிக் கூட்டைக் கட்டுவோம். தையற்காரர் சட்டைக்கு அளவெடுக்கிறார் அல்லவா, நாங்கள் லொறிக்கு எடுத்தோம்.

தம்பிமுத்து முதலாளி வாங்கிய ஆல்டர்பிக்கும் அப்படித்தான் எடுத்தேன். அவர் சந்தைக்குள் வரும்போது முதலில் வயிறு வரும், அடுத்து வெற்றிலை வாசம் வரும், அதற்குப் பிறகுதான் அவர் வருவார்.

ஆனால் அவர் அளவு கொடுக்க வந்த நாள் கந்தசஷ்டியின் கடைசி நாள், சூரன்போர். விரதம் தொடங்கியதிலிருந்து மனுசன் பாலும் இளநீரும் தவிர வேறொன்றும் தொடவில்லை. வேட்டியை இரண்டு தரம் மடித்துக் கட்டியிருந்தார். எனக்குக் கொடுத்த அளவை நான் எடுத்தேன். அது என் பிழை அல்ல, விரதத்தின் பிழை.

ஏறியவர் இறங்கக் கூடாது

கூடு முடிந்து முதல் ஓட்டம். முதிரை மரச் சட்டம், வெளியே தகரம், நெற்றியில் மயில். வெங்காயம் ஏற்றி, தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. ராகுகாலத்துக்கு முன் லொறி நகரவேண்டும். முதலாளி வலது காலை வைத்து ஏறினார்.

கதவு மூடவில்லை.

கிளீனர் தள்ளினான். சாரதி இறங்கி வந்து தள்ளினார். நான் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு பூட்டியது. முதலாளிக்கு மூச்சு நின்றது. திறந்தோம். மூச்சு வந்தது.

"டேய் நவரத்தினம், கதவைச் சின்னனாக் கட்டிப்போட்டாய்."

"இல்லை முதலாளி. கதவு அண்டைக்கு எடுத்த அளவுதான். விரதம் முடிஞ்சு பாறணைச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள்தான்..."

"நான்தான்?"

"கொஞ்சம் செழிச்சிட்டியள்."

சந்தை முழுக்கச் சுற்றி நின்றது. அவரை இறக்கிவிட்டுக் கதவைக் கழற்றினால் நல்ல நேரம் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், முதல் ஓட்டத்துக்கு ஏறிய முதலாளி லொறி நகராமல் இறங்கக் கூடாது. இறங்கினால் அந்த லொறி இடையிடையே நிற்கும் என்பது எங்கள் பக்கத்துப் பயம்.

நான் பென்சிலை எடுத்தேன். கதவை அவர் மேல் சாத்திப் பிடித்து, வயிற்றின் ஓரமாக ஒரு கோடு கீறினேன்.

"என்ன செய்யிறாய்?"

"அசையாதேங்கோ. மூச்சை விட்டுப்போட்டு இருங்கோ. உங்கட சரியான அளவு எனக்கு வேணும்."

கதவைத் திறந்து, தகரத்தைக் கத்தரித்து, மரத்தைச் சிறு வாளால் வளைத்து அறுத்து, முள்ளுக் குத்தாமல் அரத்தால் தேய்த்தேன். முதலாளி இருந்த இடத்தில் இருந்தபடி, ஊர்வலம் போகும் சாமிபோல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக் கதவைச் சாத்தினேன். டக் என்று பூட்டியது. வயிறு குழியில் போய் இருந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. லொறி போனது.

கொழும்பால் திரும்பி வந்ததும் முதலாளி, ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தால் லொறிக்குப் பக்கவாதம் வந்ததுபோல் தெரிகிறது என்று சொல்லி, சாரதியின் கதவையும் வெட்டச் சொன்னார். சாரதி ஒல்லி. அவருக்கு முழங்கை வைக்க வசதி.

சில மாதம் கழித்து, தங்கள் லொறிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க ஆல்டர்பி கொம்பனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சுன்னாகத்துக்கு வந்தார். தொப்பி, கமரா, வியர்வை. கதவைப் பார்த்தார், சுற்றி வந்தார், ஏன் இப்படி என்று கேட்டார். எனக்கு அன்று ஆங்கிலம் தெரியாது. முதலாளிக்குக் கொஞ்சம் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், சந்தைச் சனத்தைப் பார்த்தார், தன் வயிற்றைச் சால்வையால் மூடினார்.

"எயர்" என்றார்.

அந்தச் சொல் எனக்கும் தெரியும். சைக்கிள் கடையில் காற்றடிக்கிற இடத்தில் எழுதியிருக்கும். வெள்ளைக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கதவைத் தாளில் கீறிக்கொண்டார், படமும் எடுத்தார். தம்பிமுத்து முதலாளியின் வெட்கம் அன்று கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய் வரலாறாகிவிட்டது.

வாங்கில் கழுத்துவரை இருப்பவர்

இந்த நகரத்தில் எனக்கு இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று. முதலாளியின் மகன் குகன். வீடு விற்பனை முகவர். மில்லிக்கனில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் சாய்ந்திருக்கும் வாங்குகளில் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிரித்த முகம், கழுத்தில் நீல ரை முடிச்சு, அதோடு படம் முடியும். கழுத்தோடு ஏன் முடிகிறது என்று நீங்கள் யோசித்திருக்கமாட்டீர்கள். நான் யோசித்தேன். தகப்பனை அச்சில் போட்டு எடுத்த மகன்.

மட்டன் றோல்ஸ் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வரவேற்பறையில் தகப்பனாரின் மாலை போட்ட படம். அதுவும் கழுத்துவரைதான்.

விசயத்தைச் சொன்னேன்: டெரிக்கின் லொறியில் ஏறி, தகப்பனாரைப்போல அந்தக் கதவோரம் இருந்து காட்டவேண்டும். குகன் றோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டார்.

"அண்ணை, செத்த மனுசனை இப்ப ஏன் தடியன் எண்டு பலகையில எழுதவேணும்?"

"தம்பி, அது சுன்னாகத்துக்குத் தெரியாத விசயமே?"

"சுன்னாகத்துக்குத் தெரிஞ்சது மார்க்கத்துக்கும் தெரியவேணுமோ? என்ர கஸ்ரமர்ஸ் எல்லாம் அங்கதான் இருக்கினம்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி சுகந்தி எட்டிப் பார்த்தார். "அண்ணை, உவரைக் கொண்டுபோய் ஏத்துங்கோ. புதுக் காரிலயே சீற்றைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கு முழங்கால் மடிக்க ஏலாது."

"நீர் உள்ள போம்" என்றார் குகன்.

நான் எழும்பி நின்றேன். "சரி தம்பி, விடுவம். அந்தக் கதவு இங்கிலாந்து எஞ்சினியர் ஒருத்தர் கண்டுபிடிச்சதெண்டே இருக்கட்டும். உங்கட அப்பா எயர் எண்டு சொன்னவர், அவங்கள் கொப்பி அடிச்சுக்கொண்டு போட்டாங்கள். முடிஞ்சுது."

"என்ன சொல்லுறியள்? அப்பான்ர லொறியைப் பாத்து வெள்ளைக்காரன் கொப்பி அடிச்சவனோ?"

"பின்னை?"

குகன் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். ஒரு றோல்ஸை எடுத்து முழுதாக வாயில் போட்டு மென்று முடித்தார்.

"எத்தினை மணிக்கு வரவேணும்?" என்றார்.

ஜக்கெற்றைக் கழற்று

தை மாதக் குளிரில் டெரிக்கின் கராஜுக்குப் போனோம். வதனி கார் ஓட்டினாள். ஆல்டர்பி பச்சை நிறத்தில், பிறந்தநாள் பிள்ளைபோல நின்றது. கதவைத் தடவிப் பார்த்தேன். தொழிற்சாலையில் இரும்பில் அழுத்தி எடுத்த கதவு. வளைவு என்னுடையது.

பழைய வரிசையிலேயே ஏறினோம். வலது பக்கம் டெரிக், நடுவில் நான், இடது கதவோரம் குகன். என்னைக் கிளீனர் இடத்தில் இருத்தியதைச் சரித்திரத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். வதனி வெளியே நின்று கதவைச் சாத்தினாள்.

மூடவில்லை.

தள்ளினாள். மூடவில்லை. டெரிக் ஸ்ரியறிங்கைத் துடைத்தார். அந்தத் துடைப்பில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற தொனி இருந்தது. இவ்வளவு காலம் மனதில் வைத்திருந்த கதவு, கண் முன்னே என்னைப் பொய்யன் ஆக்கப் பார்த்தது.

பிறகுதான் குகனைத் திரும்பிப் பார்த்தேன். மெத்தையைப் போட்டுத் தைத்ததுபோல ஒரு குளிர் ஜக்கெற். அதற்குள்ளே ஒரு கம்பளிச் சட்டை.

"தம்பி, ஜக்கெற்றைக் கழற்று."

"குளிருதண்ணை."

"உன்ர கொப்பர் சுன்னாகத்தில ஜக்கெற் போட்டோ லொறியில ஏறினவர்?"

குகன் வதனியைப் பார்த்தார். வதனி கராஜ் கூரையை ஆராய்ந்துகொண்டு மறுபக்கம் திரும்பினாள். ஜக்கெற் போனது. கம்பளிச் சட்டை போனது. வெள்ளை பனியனோடு, வாங்குப் படங்களில் யாரும் காணாத குகன் முழுதாக இருந்தார்.

வதனி கதவைச் சாத்தினாள்.

டக்.

அந்தச் சத்தம் என் காதில் எப்படி விழுந்தது என்று எழுத எனக்குப் படிப்புப் போதாது. வயிறு குழியில் போய் இருந்தது. மேலே இடைவெளி இல்லை, கீழே நெரிசல் இல்லை. டெரிக் இறங்கி, சுற்றி வந்து, டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"மிஸ்ரர் டெரிக்" என்றேன். "காத்து எண்டால் முகத்துக்கு வரவேணும். இந்தக் குழி எங்க இருக்கு? வதனி, சொல்லு. இந்த முறை சொறி சொல்லாமல் சொல்லு."

சொன்னாள். டெரிக் குழியை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இங்கிலாந்தில் இந்தக் கதவுள்ள லொறியை ஓட்டியவர்கள் இடுப்பில் குளிர் பிடித்து, குழியில் சாக்கைச் செருகிக்கொண்டு போனார்களாம். இந்தக் காற்று ஏன் இடுப்பில் அடிக்கிறது என்று தன் தகப்பனார் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார் என்றார்.

என் கதவால்தான் அந்தக் கொம்பனி நிமிர்ந்திருக்கும் என்றேன். அந்தக் கதவு வந்து கொஞ்சக் காலத்தில்தான் கொம்பனி கைமாறியது என்றார். இருக்கலாம். வளைவை எடுத்தவர்கள் வயிற்றையும் எடுத்திருக்கவேண்டும்.

பலகையில் இடம்

டெரிக் வாக்கு மாறாதவர். பலகையைத் திருத்தி எழுதி, வதனிக்கு அனுப்பினார். அவள் தமிழில் வாசித்துக் காட்டினாள். ஆல்டர்பி சகோதரர்கள் இருக்கிறார்கள். பாலத்திடம் போன புகைபோக்கி இருக்கிறது. கதவுக்கு வந்ததும் இப்படி இருக்கிறது: 'இலங்கையின் வர்த்தகர் திரு. தம்பிமுத்து அவர்களின் உடல்வாகுக்கு ஏற்ப, உள்ளூர்த் தச்சர் ஒருவரால் வெட்டப்பட்டது.'

குகனுக்குத் தலைகால் தெரியவில்லை. மில்லிக்கன் வாங்குகளில் இப்போது புதுப் படம் வந்துவிட்டது. ஆல்டர்பிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கியபடி முழு உருவம். 'சரித்திரம் படைத்த குடும்பம்' என்று கீழே எழுத்து. வரவேற்பறையில் தகப்பனாரின் படமும் மாறிவிட்டது. இப்போது முதலாளி கால்வரை இருக்கிறார்.

அளவு கொடுத்தவருக்குப் பெயர். அளவெடுத்தவன் 'உள்ளூர்த் தச்சர் ஒருவர்'.

டெரிக்கிடம் கேட்டேன். பலகை சிறியது, இனி ஒரு சொல்லுக்கும் இடமில்லை, மன்னிக்கவும் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் பலகையில் இடமில்லை என்பது ஒரு தச்சனிடம் சொல்லக்கூடிய காரணமா?

பலகை நான் தருகிறேன். மேப்பிள் மரம், சீவி, அரத்தாள் பிடித்து என் கராஜில் சாத்தியிருக்கிறது. மாமனாரின் சீவுளியால்தான் சீவினேன். டெரிக்கின் பலகையைவிட ஒரு முழம் நீளம். ஆல்டர்பி சகோதரர்கள் தாராளமாக இருக்கலாம். முதலாளியும் கால்வரை இருக்கலாம். வயிறு அவருடையது, அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை.

வளைவு என்னுடையது. கோடையில் கண்காட்சி திறக்க முன், 'உள்ளூர்த் தச்சர் ஒருவர்' இருக்கும் இடத்தில் சுன்னாகம் நவரத்தினம் என்று எழுதவேண்டும். பெயின்ற்றும் என் செலவு.